மரத்துக்கு ஓய்வு உண்டு, கைக்கு இல்லையா?

"பால் வெட்டுகிற கை நோகத்தான் செய்யும்" என்று ஒரு பேச்சு நம் லயங்களில் நெடுநாளாக நடமாடி வருகிறது. மானேஜர் இதைச் சொல்கிறார், மண்டோர் சொல்கிறார், மருந்துக்காரரும் சொல்கிறார், கடைசியில் நோவு கண்ட தொழிலாளியே "எல்லாம் வயசுக் கோளாறு" என்று சொல்லித் தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறார். இந்தப் பேச்சை நாம் மறுக்கிறோம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் நரம்புக் குடைச்சலுக்குக் காரணம் உண்டு. காரணம் உள்ள நோவுக்கு வைத்தியமும் உண்டு. அது வேலையினால் வந்தது என்று நிலைநாட்டினால் சட்டப்படி நஷ்டஈடும் உண்டு. இம்மூன்றையும் தொழிலாளி அறியாதிருக்கும்வரை லாபம் யாருக்கு என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெக்கான் நானாஸ் வட்டாரத்துத் தோழர்களே! நம் ஊரின் பேரே அன்னாசிப் பட்டணம். அன்னாசிப் பழத்துக்கு இங்கே ஒரு மியூசியமே இருக்கிறது. ரப்பர் மரத்துக்கு 1925 முதல் ஆராய்ச்சிக் கழகம் இருந்துவருகிறது. 1998க்குப் பிறகு அது மலேசிய ரப்பர் வாரியத்துக்குள் அடங்கி வேலை செய்கிறது. பழத்தைப் பற்றியும் பட்டையைப் பற்றியும் இத்தனை பேர் கவலைப்படும் நாட்டில், அந்தப் பழத்தைப் பறிக்கிற கையும் அந்தப் பட்டையைச் சீவுகிற கையும் இரவில் என்ன பாடு படுகின்றன என்று கேட்க ஆள் இல்லை. கேட்பது சங்கத்தின் வேலை. ஆகவே கேட்கிறோம்.

நோவின் அடையாளம்

முதலில் நோவு இன்னதென்று தெரிந்துகொள்வோம். நள்ளிரவு தாண்டியதும் விழிப்பு வருகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கின்றன. குடைச்சல் முன்கைக்கு ஏறுகிறது. சிலருக்குத் தோள்வரை போகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்றுத் தணிகிறது. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. விடிந்ததும் கத்தியைப் பிடித்தால் பிடி நிற்பதில்லை. மங்கு கைநழுவி விழுகிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

இதற்கு டாக்டர்கள் கார்பல் டன்னல் நோய் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்பும் தடித்த நாரும் சேர்ந்து அமைத்த குறுகிய வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், கையின் நடு நரம்பும் அந்த ஒரே வழியாகத்தான் உள்ளங்கைக்குச் செல்ல வேண்டும். ஓயாத வேலையால் தசைநாண்களின் உறை தடித்துவிட்டால் இடம் போதாமல் நரம்பு நசுங்குகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும்போது அந்த நெருக்கம் இன்னும் கூடுகிறது. பகலெல்லாம் பொறுத்த நரம்பு இரவில் ஓலமிடுவதற்கு இதுவே காரணம். இதில் பேயும் இல்லை, செய்வினையும் இல்லை, "வாயு"வும் இல்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த நோயும் அல்ல. இரவில் வரும் இந்தக் கை மதமதப்பை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஜேம்ஸ் பட்னம் 1880ஆம் ஆண்டிலேயே 37 நோயாளிகளிடம் கண்டு எழுதிவைத்தார். அப்போது மலாயாவில் ரப்பர் தோட்டமே கிடையாது. தோட்டம் தோன்றுவதற்கு முன்பே மருத்துவ உலகம் அறிந்திருந்த ஒரு நோயை, இன்றைக்கும் தோட்டத்து மருந்தறையில் "வயசு" என்று சொல்லி ஒரு வலி மாத்திரையோடு திருப்பி அனுப்புகிறார்கள் என்றால், அது அறியாமையா, அலட்சியமா?

மரத்தின் கணக்கும் கையின் கணக்கும்

பால் வெட்டும் வேலையை அறியாத வெளியார்க்காக ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு நிரையில் 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரத்தின் வெட்டை முடிக்கக் கத்தியைப் பத்து இழுப்பு இழுத்தால்கூட ஒரு காலைக்கு 5,000 இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் பிடியை இறுக்க வேண்டும், மணிக்கட்டை மடக்க வேண்டும், பட்டை தடித்தும் போகாமல் உள்மரம் காயப்படாமலும் கையை நிதானிக்க வேண்டும். உயர வெட்டு என்றால் தலைக்கு மேலே கையைத் தூக்கிச் செய்ய வேண்டும். அதன் பிறகு பால் எடுத்து, வாளி சுமந்து, மங்கில் உறைந்த கட்டிப்பாலைப் பிடுங்கி, கோட்டுப்பாலை உரித்து முடித்தால்தான் அன்றைய கணக்குத் தீரும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே தலைவிளக்கோடு இறங்கி அவசரமாகச் செய்ய வேண்டும். குடைச்சலால் இரவில் இரண்டு மணி நேரம் தூக்கம் கெட்டவர் அதே இருட்டில் கூரிய கத்தியோடு நடக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி மரத்தின் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் ஒரு முறையைக் கண்டார். மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுப்பது அந்த முறை. மரம் சாகாமல் பல்லாண்டு பால் தரும் வழி அதனால் பிறந்தது. பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டச் சொன்னார்கள்; மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள். வெட்டிய பட்டை வளர்ந்து மூட எத்தனை ஆண்டு ஆகும் என்று அளந்தார்கள். பட்டை வறண்டு பால் நின்ற மரத்தை அடையாளம் போட்டு வெட்டாமல் விடச் சொன்னார்கள். பட்டைக்கு உள்ளே கத்தி பட்டுக் காயமானால் மண்டோர் வந்து விளக்குப் பிடித்துப் பார்க்கிறார். தொழிலாளிக்கு ஏச்சு விழுகிறது.

இவை தவறு என்று நாம் சொல்லவில்லை. மரம் நன்றாயிருந்தால்தான் நம் பிழைப்பும் நடக்கும். நாம் கேட்பதெல்லாம், மரத்துக்குக் காட்டிய இந்தப் புத்தியில் நூற்றில் ஒரு பங்கைக் கைக்குக் காட்டினீர்களா என்பதுதான். மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளில் தொழிலாளி அடுத்த நிரைக்குப் போகிறார். மரத்தின் காயத்துக்கு மேற்பார்வை உண்டு. மணிக்கட்டின் காயத்துக்கு உண்டா? வறண்ட மரத்துக்கு அடையாளம் உண்டு. மரத்துப்போன விரலுக்கு உண்டா?

பெண்கள் நிலை இன்னும் மோசம். இந்த மணிக்கட்டு நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. பிள்ளை சுமக்கும் காலத்திலும் மாதவிலக்கு நிற்கும் வயதிலும் உடலில் ஏற்படும் மாற்றமும் அதற்கு இடம் கொடுக்கிறது. நிரையில் ஆணுக்குச் சமமாக மரம் வெட்டிவிட்டு, வீடு திரும்பித் துணி பிழிந்து, தேங்காய் துருவி, சோறாக்கி, பாத்திரம் கழுவும் கைக்கு ஓய்வு ஏது? நம் சகோதரிகள் நோவைச் சொல்லாததால் நோவு இல்லை என்று ஆண்கள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

விதி என்றார்கள், அரிசி என்று தெரிந்தது

நரம்பு நோய்க்குக் காரணம் தேடுவது வீண் வேலை என்பவர்களுக்கு இந்நாட்டுச் சரித்திரமே பதில் சொல்கிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்ற நோய் ஆட்டிவைத்தது. கால் மரத்து, தள்ளாடி, உடல் வீங்கி, நெஞ்சு நின்று மனிதர்கள் மாண்டார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். காற்று கெட்டது என்றார்கள் சிலர்; தரை ஈரம் என்றார்கள் சிலர்; தொற்று என்றார்கள் சிலர்.

டாக்டர் பிராடன் என்பவர் நெகிரி செம்பிலானில் வேலை பார்த்தவர். ஒரே நாட்டில், ஒரே தட்பவெப்பத்தில், தோட்டத்துத் தமிழர்களுக்கு மட்டும் இந்நோய் ஏன் அரிதாக இருக்கிறது என்று அவர் யோசித்தார். தமிழன் உண்டது புழுங்கல் அரிசி. சுரங்கத்தார் உண்டது தவிடு முழுதும் போன வெள்ளை அரிசி. இந்தக் கருத்தை அவர் 1907இல் புத்தகமாக வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெட்சர் 1905 முதல் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பலர் நோயுற்றார்கள், மாண்டவர்களும் உண்டு. மறுபிரிவில் நோய் ஏறக்குறைய இல்லை. அடுத்து டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் சாலை வேலைத் தொழிலாளர்களிடம் சோதித்து, குற்றம் தீட்டிய அரிசியில்தான் என்பதை உறுதிசெய்தார்கள். நரம்புக்கு வேண்டிய ஒரு சத்து தவிட்டோடு போய்விடுகிறது என்பது பிறகு தெளிவாயிற்று. அதைத்தான் இன்று பி1 வைட்டமின் என்கிறோம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? உழைப்பவன் நரம்பு கெட்டால் அது தலைவிதி என்று சொல்வது எளிது. ஆனால் யார் என்ன தின்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தபோது விதி விலகிக் காரணம் வெளிப்பட்டது. இத்தாலி நாட்டு டாக்டர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியவர். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் மருத்துவர்களுக்குச் சொன்னார். முந்நூறு ஆண்டு கழிந்தும் நம் மருந்தறைகளில் அந்த ஒரு கேள்வி விழவில்லையே!

சர்க்கரை என்னும் இரண்டாம் எதிரி

குடைச்சல் எல்லாம் மணிக்கட்டிலிருந்து வருவதல்ல. இரவில் பாதம் தீயாய் எரிகிறது, போர்வை பட்டாலும் பொறுக்கவில்லை, அல்லது பாதத்தில் உணர்ச்சியே இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்க்கரை நோயை. இரத்தத்தில் ஏறிய சர்க்கரை நீளமான நரம்புகளை முதலில் கெடுக்கிறது. ஆகையால் நோவு கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. சர்க்கரை உள்ளவர்க்கு மணிக்கட்டு நோயும் எளிதில் வரும்.

2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18.3 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியர்களில் 100க்கு 31 பேருக்கு மேல். நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். 2023 ஆய்வில் நாட்டுக் கணக்கு 15.6ஆக இறங்கியது, ஆனாலும் நம் சமூகத்தின் பங்கு மற்றவர்களைவிட மேலேயே நின்றது. இது நமக்கு அவமானம் அல்ல, எச்சரிக்கை.

பாதத்தில் உணர்ச்சி இழந்தவர் செருப்போடு நிரைக்குள் இறங்கினால் முள் தைத்தது தெரியாது. ஆணி குத்தினது தெரியாது. அட்டை கடித்த இடம் புண்ணானது தெரியாது. தெரியும்போது விரலை எடுக்க வேண்டிய நிலை வந்துவிடும். ஆகையால் காலை மூடும் பூட்ஸ் சர்க்கரை உள்ளவருக்கு ஆடம்பரம் அல்ல. தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்க்கு வீட்டிலுள்ளவர் பார்க்கட்டும். எரிச்சல் தணிய வெந்நீரில் காலை வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. உணர்ச்சி இல்லாத கால் சூட்டை அறியாது, வெந்துபோகும். அதை நிறுத்துங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டு உண்பவர்களில் சிலருக்குப் பி12 என்ற சத்துக் குறைந்து, அதனாலும் நரம்பு கெடலாம். டாக்டரிடம் கேட்டு இரத்தம் சோதித்துக்கொள்ளலாம். சம்சு குடிப்பவர்க்குக் குடியே நரம்பை அரிக்கும். உடம்பு வலி தீரக் குடிக்கிறேன் என்பவர் நாளைய வலிக்கு இன்றே பணம் கட்டுகிறார். உடலில் எங்காவது வெளுத்த தேமலில் உணர்ச்சி இல்லை என்றால் அதையும் மறைக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். தொழுநோய் என்றாலும் இக்காலத்தில் மருந்தால் முழுதும் குணமாகும்.

தைலமும் டானிக்கும்

நோவை நம்பிப் பிழைப்பவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். சம்பள நாளில் வேனில் வந்து "நரம்புத் தளர்ச்சிக்குக் கைகண்ட மருந்து" என்று பாட்டில் விற்கிறார்கள். வலி பறந்துபோகும் என்று விற்ற ஜாமு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அந்த மருந்து வலியை மறைக்கும். பின்னால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். "நரம்பு மாத்திரை" என்று பி6 வைட்டமினைக் கணக்கில்லாமல் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் தின்றால் வயிறும் சிறுநீரகமும் பழுதாகும்.

தைலம் தடவுவதை நாம் தடுக்கவில்லை. தடவிக்கொள்ளுங்கள், சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நசுங்கிய நரம்பைத் தைலம் விடுவிக்காது. அதற்கு எளிய வைத்தியம் வேறு இருக்கிறது. மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டு தூங்குவது முதல் வைத்தியம். ஆரம்ப நிலையில் பலருக்கு இதுவே நல்ல பலன் தருகிறது. அடுத்து டாக்டர் போடும் ஊசி. அதிலும் தீராவிட்டால், அல்லது பெருவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கிவிட்டால், அழுத்தும் நாரை வெட்டிவிடும் சிறிய ஆபரேஷன். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சதை வற்றும்வரை காத்திருப்பதுதான் ஆபத்து. காலம் கடந்தால் நரம்பு முழுதாய்த் திரும்புவதில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வையுங்கள். முதல் மூன்று விரல்கள் மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. வேன்காரன் பாட்டிலைவிட இது மலிவு.

சட்டம் தூங்குகிறது, எழுப்புவோம்

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறை உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்க்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இது முன்சொன்ன நாள்களோடு சேராத தனிக் கணக்கு. டாக்டர் சான்று வேண்டும். விடுமுறை தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். இதை மறக்கக் கூடாது.

1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது நம் சொக்சோ, விபத்துக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அதன் ஐந்தாம் அட்டவணையில் தொழிலால் வரும் நோய்கள் பட்டியலாக உள்ளன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கையிலும் முன்கையிலும் வரும் கோளாறுகளுக்கும் அதில் இடம் உண்டு. அப்படிப்பட்ட நோய் வேலைக் காயமாகவே கருதப்படும். வேலையை விட்டு 60 மாதத்துக்குள் நோய் வெளிப்பட்டாலும் கேட்கலாம். நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு என்றால் தற்காலிக ஊனப் படியாகச் சராசரி நாள் சம்பளத்தில் 100க்கு 80 கிடைக்கும். நிரந்தரக் குறைபாடு என்றால் மருத்துவ வாரியம் அளவு நிர்ணயிக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலைக் காயத்துக்கு இதே சொக்சோவில் சேர்க்கப்பட்டுள்ளார்கள். பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். குடைச்சலுக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

அனைத்துலகத் தொழில் ஸ்தாபனமும் 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்பல் டன்னலைப் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பலத்தோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, மணிக்கட்டை அளவுக்கு மீறி வளைக்கும் வேலை ஆகியவை காரணமாகக் கூறப்பட்டுள்ளன. பால் வெட்டும் வேலையை நேரில் பார்த்தவர்க்கு வேறு விளக்கம் வேண்டுமா?

கிராணிமாருக்கும் ஒரு சொல்

பால் வெட்டுகிறவருக்கு ஒரு சங்கம், கிராணிமாருக்கு ஒரு சங்கம் என்று நாம் இரண்டாக நின்றாலும் நரம்பு நம்மைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ராமஸ்ஸினி தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்து வேலை செய்வோரின் கை நோயையும் தனி அத்தியாயமாக எழுதினார். அன்று இறகுப் பேனா, பிறகு செக்ரோல், இன்று கம்ப்யூட்டர். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் கிராணியின் கையும் இரவில் மரத்துத்தான் போகிறது.

கிராணியின் பொறுப்பு அதோடு நிற்கவில்லை. தோட்டத்தில் எழுதப்படாதது நடக்காததாகிவிடும். எத்தனை கிலோ பால், எத்தனை சதவீதம் ரப்பர், எத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்கள் என்பதற்கெல்லாம் கட்டம் இருக்கிறது. கைநோவுக்குக் கட்டம் இல்லை. ஆகவே பத்து ஆண்டு நோவு கண்டவர் சொக்சோவுக்கு மனுப் போடும்போது "முன்பு எப்போதாவது முறையிட்டீரா?" என்ற கேள்விக்குக் காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. தேதி, பெயர், எந்தக் கை, எந்த விரல், எத்தனை இரவு என்று எழுதிவைக்கும் ஒரு நோவுப் புத்தகம் ஒவ்வொரு ஆபீசிலும் திறக்கப்பட வேண்டும். நிர்வாகம் திறக்காவிட்டால் சங்கக் கிளை திறக்கும்.

அவர்கள் சொல்லும் சாக்கு

"ரப்பர் விலை ஏறி இறங்குகிறது, செலவு தாங்காது" என்பார்கள். நாம் கேட்பதில் செலவு எவ்வளவு? கத்தி மழுங்கினால் இழுப்புக்கு இரட்டிப்புப் பலம் வேண்டும். நல்ல தீட்டுக்கல் கொடுங்கள். மெலிந்த பிடியை இறுக்கினால் விரல் வலிக்கும்; கைக்கேற்ற தடித்த பிடி போடுங்கள். பழகிய பால் வெட்டுகிறவரை இழந்து புதியவரைப் பழக்குவதற்கும், அதற்குள் அவர் மரத்தைக் காயப்படுத்துவதற்கும் ஆகும் நஷ்டத்தைவிட இது குறைவு. தம் லாபத்தை மட்டும் எண்ணினாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

"சொன்னால் நிரையைப் பிடுங்கிவிடுவார்கள்" என்று நம்மவரே அஞ்சுவதும் உண்டு. அந்த அச்சம் பொய்யல்ல. தனியாளாய்ச் சொன்னால் பிடுங்கலாம். ஆகையால் தனியாளாய்ச் சொல்லாதீர்கள். இருபது பேர் ஒரே நாளில் ஒரே தாளில் பெயர் எழுதிக் கொடுத்தால் இருபது நிரையையும் எப்படிப் பிடுங்குவார்கள்? சங்கம் என்பது சந்தாச் சீட்டில் இல்லை. இப்படிப்பட்ட தாளில்தான் இருக்கிறது.

நம் கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு தோட்ட ஆபீசிலும் நோவுப் புத்தகம், அதில் எழுதியவர் ஒரு மாதத்துக்குள் டாக்டரிடம் அனுப்பப்பட வேண்டும்.

இரண்டு: 40 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஆண்டுக்கொரு முறை சர்க்கரைச் சோதனை, அன்றைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் சர்க்கரை 7.0 தாண்டினால் உடனே வைத்தியம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்திலும் 40 வயதுமுதல் இலவசச் சோதனை உண்டு. தகுதியுள்ளவர் தவறவிடக் கூடாது.

மூன்று: மணிக்கட்டுப் பட்டை, பூட்ஸ், தீட்டுக்கல், நல்ல பிடி ஆகியவை நிர்வாகச் செலவில்.

நான்கு: டாக்டர் சொன்னால் இலகு வேலை; சம்பளக் குறைவு இல்லாமல்.

ஐந்து: 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம். அந்தக் குழு காகிதத்தில் இருந்தால் போதாது. அதில் பால் வெட்டுகிற பெண்ணொருவர் உட்கார வேண்டும்.

தோழர்களே! வரும் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது இரவில் கை மரத்துப்போகிறவர், கால் எரிகிறவர் அனைவரும் கூச்சமின்றிப் பெயர் கொடுங்கள். கணவன்மார் மனைவியைக் கேட்டு அவர் பெயரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். கிராணிமார் பேனாவோடு வாருங்கள். அன்று சேரும் பட்டியலைக் கிளைச் செயலாளர் கையோடு நிர்வாகத்திடம் கொடுத்து, வாங்கினதற்குக் கையெழுத்துப் பெற வேண்டும். பட்டைக் காயத்துக்கு விளக்குப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த நிர்வாகம், இந்தப் பட்டியலையும் பார்க்கட்டும். பார்க்காவிட்டால் அதைத் தொழிலாளர் இலாகாவின் மேசைக்கும் சொக்சோவின் மேசைக்கும் நாமே கொண்டுபோவோம்.